மடுல்சீமையில் ஓடியது, பதுளையில் நின்றது

அடிப்பக்கத்து மூடியைக் கழற்றியதும் முதலில் வந்தது வாசம்தான். கடைக்குள் யாரோ திருநீறு பூசிக்கொண்டு வந்து நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை. கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தது. மறுபடி குனிந்து மோந்து பார்த்தேன். உன் திருநீறு. பழைய ஃபிலிம் ரோல் டப்பாவில் அடைத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வருவாயே, உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருநீறு, அதே வாசம். ஒரு லெப்டொப்பின் வயிற்றுக்குள்ளிருந்து அது வரும் என்று நான் நினைக்கவேயில்லை.

போன வாரம் உன் வீட்டுக்காரர் வந்திருந்தார். இந்தச் சின்ன லெப்டொப்பை ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "எங்க யாருக்கும் இத தொடவே தெரியாது. நீங்களே வச்சிக்கங்க" என்றார். கூடவே ஒரு சீலைத் துண்டில் முடிந்த கெரம் காய்கள் நாலும் இருந்தன. தேத்தண்ணி போடுகிறேன் என்று சொல்லியும் உட்காரவில்லை, மடுல்சீமை பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார். 

"இப்ப என்னாத்துக்குடி அத தொறக்கிற?" என்று நீ இருந்தால் கேட்டிருப்பாய். எனக்கும் தெரியாது. சும்மா கிடக்கிறதே என்று தொடக்கிப் பார்த்தேன். அது வழக்கம்போலத் திரையில் ஒரு வட்டத்தைச் சுழலவிட்டுவிட்டு யோசிக்க ஆரம்பித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த வட்டத்தோடு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். இனித் தடுக்க நீயும் இல்லை என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

நானும் நீயும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பரா வீடுகளில் பிறந்து வளர்ந்தோம். நான் கலியாணம் முடித்துப் பதுளைக்கு இறங்கினேன், நீ மடுல்சீமையிலேயே கொழுந்து கிள்ளிக்கொண்டு இருந்தாய். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் ஒரு போட்டோ கொப்பிக் கடை போட்டேன். அதில் தட்டச்சுக்கென்று ஒரு கொம்பியூட்டரும் வைத்தேன். அன்றிலிருந்து கொம்பியூட்டருக்குள் இருக்கும் அத்தனையும் எனக்கு அத்துப்படி என்று நீயே முடிவு செய்துவிட்டாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் விண்ணப்பம் அடிக்கவும் கலியாணக் கார்டு அடிக்கவும்தான். அதை நான் எத்தனை முறை சொன்னாலும் நீ கேட்டதில்லை.

தொண்ணூறுகளில் உன் மகன் மோகன் சின்னப் பையன். தோட்டத்துக் கிளப்பில் கெரம் விளையாட அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது நினைவிருக்கிறது. வலது கை விரலை மடக்கி அவன் சுண்டும் சத்தம் உன் காம்பரா வரைக்கும் கேட்கும் என்பாய். போர்டுக்குப் பவுடர் இல்லாத நாளில் சாமித் தட்டிலிருந்து திருநீற்றை அள்ளித் தூவிவிட்டு உன்னிடம் அடி வாங்குவான். "துன்னூறு போட்டா காய் நல்லா ஓடுதும்மா" என்று அழுதுகொண்டே சொல்வானாம். அதைச் சொல்லிச் சொல்லி நீ சிரிப்பாய்.

பிறகு அவன் வளர்ந்து கட்டார் போனான், ஒரு ஹோட்டல் குசினி வேலைக்கு. போன மறு வருஷம் அந்தச் செய்தி வந்தது. கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டிவிட்டது. போனில் அவன்தான் சொன்னான். "வலது கையில கொஞ்சமா பட்டிருச்சு அம்மா. இப்ப நல்லாப் போச்சு." நீ மறுநாளே, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டாய். அனுப்பிய படங்களை என் கொம்பியூட்டரில் பார்த்தோம். ஒன்றில் கை பொக்கெட்டுக்குள் இருந்தது. ஒன்றில் முதுகுக்குப் பின்னால். ஒன்றில் ஒரு கூட்டாளியின் தோள்மேல் போட்டிருந்தான், ஆனால் அது இடது கை.

"படத்த நம்ப மாட்டேன்டி" என்றாய். "வெரல் மடங்குதா இல்லியான்னு ஆடுறப்பத்தான் தெரியும். அவென் ஒருக்கா சுண்டிக் காட்டணும். நா கண்ணால பாக்கணும்."

அந்த நேரத்தில்தான் இந்த லெப்டொப் வந்தது. விபத்துக்கு முன்னமே அவன் வாங்கி, லீவில் வரும் கூட்டாளி ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தான். நம் பிள்ளைகளின் கொப்பியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அந்த வருஷங்களில் இப்படிச் சின்னச் சின்னதாய் நிறைய வந்தன. கூடையில் வைத்துத் தூக்கிப் போகலாம் போலிருந்தது. நீயும் சாமிக்குக் காட்டி, சந்தனப் பொட்டு வைத்து, துவாயில் சுற்றித்தான் என்னிடம் கொண்டுவந்தாய். ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை இல்லை. அவனுக்கு வேலைக்குப் போகுமுன் காலையில் கொஞ்ச நேரம் கிடைக்கும், அது நமக்கு உச்சி வெயில். என் கடைக்குத் தகரக் கூரை. அந்த வெக்கையில் நீ முந்தானையால் விசிறிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாய்.

முதல் நாள் அவன் முகம் வந்ததும் நீ திரைக்குக் கிட்டே குனிந்துகொண்டாய். நான்தான் பேசினேன். பிறகு சாப்பிட்டியா, தூங்கினியா எல்லாம் முடிந்து, "எங்க தம்பி, வெரல சுண்டிக் காட்டு" என்றாய். அவன் சிரித்தான். சிரித்தபடியே படம் நின்றுவிட்டது.

நாம் காத்திருந்தோம். அசையவில்லை. அப்போது நீ டப்பாவை எடுத்துத் திறந்தாய், ஒரு சிட்டிகை திருநீறு எடுத்தாய், திரையில் நின்றுபோயிருந்த அவன் நெற்றியில் மூன்று விரலால் இழுத்தாய். "நிக்கிற நேரத்திலயே பூசிறணும். இல்லாட்டித் தலைய ஆட்டிருவான்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. தூள் கீழே பொத்தான்கள் மேல் உதிர்ந்தது. ஊதிவிட்டேன். ஊதியது வெளியே போனதா உள்ளே போனதா என்று அப்போது யார் யோசித்தார்கள்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே கதை. நல்லாத்தான் தொடங்கும். கொஞ்ச நேரம் ஓடும். நீ விரலைப் பற்றிப் பேச்செடுக்கும் நேரத்துக்குத் திக்கித் திணறி நிற்கும். பிறகு அவன் போனில் கூப்பிட்டு, "லைன் சரியில்ல அம்மா, அடுத்த வாரம் பாப்போம்" என்பான். நீ என்னைத்தான் முறைப்பாய். "இத எப்பிடியாச்சும் வெரசா ஓட வையேன்டி."

நானும் விடவில்லை. யார் என்ன சொன்னாலும் செய்தேன். தொடக்கும்போதே தானாக எழும்பி உட்காரும் புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். காலாவதியாகி, காசு கட்டு காசு கட்டு என்று நச்சரித்துக்கொண்டிருந்த வைரஸ் காவலனைத் தூக்கிவிட்டு, எடை குறைந்த வேறொன்றைப் போட்டேன். பின்னணியில் நீந்திக்கொண்டிருந்த மீன்களை எடுத்து வெறும் நீல நிறம் வைத்தேன். "பாவம், அதுக என்னா செஞ்சிச்சு" என்றாய். நிழல், மினுக்கம், ஜன்னல் திறக்கும்போது வரும் வேடிக்கை எல்லாவற்றையும் நிறுத்தியபோது அது மொட்டைத் தலை மாதிரி ஆகிவிட்டது. உள்ளே சிதறிக்கிடக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலையைக் கொடுத்துவிட்டு நான் சமைக்கப் போனேன், சாப்பிட்டு வந்தும் அது முடித்திருக்கவில்லை. படங்கள் அதிகம் இருக்கின்றன, சீடியில் பதிந்துவிட்டு அழிக்கலாம் என்றபோதுதான் உனக்குக் கோபம் வந்தது.

"பிள்ளைய அழிச்சாத்தான் பிள்ளையப் பாக்கலாமோ?"

அதோடு அந்தப் பேச்சை விட்டேன். ஹாலிஎலையிலிருந்து வரும் டியூஷன் மாஸ்டர் ஒருவர் கொப்பி அடிக்க வந்த இடத்தில் பார்த்துவிட்டு, "இதுக்குச் சக்தி அவ்வளவுதான் அக்கா. ஒரு நேரத்துல ஒரு வேலையத்தான் குடுக்கணும். அடியில காத்துப் போற மாதிரி எதையாச்சும் வையுங்க" என்றார். அடுத்த ஞாயிறு நீ கெரம் காய்களைக் கொண்டுவந்தாய். மோகனுடையவை. மூலைக்கு ஒன்றாக நாலும் வைத்து அதன்மேல் லெப்டொப்பை ஏற்றினோம். கொஞ்சம் பரவாயில்லை போலிருந்தது. பிறகு மறுபடி நின்றது. நீ அவன் நெற்றியில் பூசிவிட்டு, "துன்னூறு போட்டா காய் ஓடுமே, இது மட்டும் ஏன் ஓடுதில்ல?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

என்னைப் பைத்தியமாக்கியது இன்னொன்று. திங்கட்கிழமை நீ தோட்டத்திலிருந்து போன் எடுத்து, "இங்க பிச்சிக்கிட்டு ஓடுதுடி" என்பாய். லெப்டொப்புக்குள்ளேயே மோகன் போட்டு அனுப்பியிருந்த சாமி ஊஞ்சல் வீடியோ, கலியாண வீட்டு வீடியோ எல்லாம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடுமாம். நான் நம்பவில்லை. பொங்கல் லீவில் நானே மடுல்சீமைக்கு ஏறி வந்தேன். உன் காம்பராவில் வைத்துத் தொடக்கினால், நீ சொன்னது சத்தியம். தண்ணீர் மாதிரி ஓடியது. இங்கே மின்சாரம் வேறா, இங்கே காற்று வேறா, பதுளையில் யாராவது கண் வைக்கிறார்களா என்று என் புத்தி எங்கெங்கோ போனது.

அப்படியானால் இங்கிருந்தே அவனைக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்றேன். லயத்தில் நெட் கிடைக்காது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே பாறையில் ஏறினால் நெட்டுக்கு ஒரு கோடு சிக்னல் வரும் என்று யாரோ சொன்னார்கள். நீ லெப்டொப்பை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் போனாய், நான் நெட்டுக்கான டொங்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வழுக்கி வழுக்கி வந்தேன். பாறையில், கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கை விரித்து அதன்மேல் வைத்தோம். பனிமூட்டம் முகத்தில் ஈரமாய்ப் பட்டது. லெப்டொப் சொன்ன பேச்சுக் கேட்டது, ஒரு இடத்திலும் திக்கவில்லை. டொங்கிளின் விளக்குத்தான் சிவப்பிலேயே இருந்தது. அதைத் தூக்கி அந்தப் பக்கம் பிடித்தேன், இந்தப் பக்கம் பிடித்தேன், வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஓடுகிற இடத்தில் நெட் இல்லை, நெட் இருக்கிற இடத்தில் ஓடவில்லை.

"அதுக்கு நம்ம தோட்டந்தான் புடிச்சிருக்கு. ஒன்னைய மாதிரி இல்ல" என்றாய். நான் கோபித்துக்கொள்வேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தாய். கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் பாறையிலிருந்து இறங்கும்வரை உன்னோடு பேசவில்லை.

இனி எழுதப்போவதுதான் எனக்கு இப்போது திரும்பத் திரும்ப வருவது. பொங்கலுக்கு அப்புறம் ஒரு ஞாயிறு. வழக்கம்போல் பேசினோம், வழக்கம்போல் நீ கேட்டாய், "சுண்டு தம்பி." வழக்கம்போல் அவன் சிரித்தபடி நின்றுவிட்டான். ஆனால் அவனுக்குப் பின்னால், அறைக் கூரையில் தொங்கிய மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான்தான் கண்டேன். "இந்தப் பாரேன்" என்று திரையில் விரல் வைத்துக் காட்டினேன். "ஃபேன் சுத்துது, இவென் மட்டும் நிக்கிறான். இதுக்குப் பலமே இல்ல. அரைப் படத்தத்தான் ஓட்ட முடியுது, மிச்ச அரையை நிப்பாட்டிருது." எனக்கு அந்த விளக்கம் மிகவும் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொன்னேன் என்றும் நினைவு.

நீ விசிறியைப் பார்த்தாய், அவனைப் பார்த்தாய். டப்பாவைத் திறந்தாய். அன்றைக்கு உன் கை நெற்றிக்குப் போகவில்லை. திரையின் இடப்பக்கம், கீழ் மூலையில், அவன் தோளிலிருந்து கை இறங்கித் திரைக்கு வெளியே மறையும் இடத்தில் பூசினாய்.

உனக்குக் கண் மங்குகிறது என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அங்கேயே பூசினாய். அதற்கடுத்த வாரமும். "நெத்தி மேல இருக்குடி" என்றேன். "எல்லாம் அவென் ஒடம்புதானே" என்றாய். நான் விடாமல் உன்னைக் கண் பரிசோதனைக்கு இழுத்துப் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். வெளியே வந்ததும் நான் அவர்களைத் திட்டினேன், நீ ஒரு ஐஸ் பழம் வாங்கித் தந்து என் வாயை அடைத்தாய்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கொம்பியூட்டர் திருத்தும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் போனோம். அவர் லெப்டொப்பைக் கையில் வாங்கி, பக்கவாட்டு ஓட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "காத்தே வருதில்ல தங்கச்சி. உள்ள தூசு அடச்சிருக்கு. சூடேறினா இது தானாவே மெதுவாப் போயிரும், எரிஞ்சு போகாம இருக்கிறதுக்கு. தொறந்து துடைச்சா புதுசு மாதிரி ஓடும்" என்றார். எனக்குத் தலையில் விளக்கெரிந்தது. மடுல்சீமைக் குளிரில் ஓடியதும், என் தகரக் கூரைக்குக் கீழே நின்றதும் அதனால்தான். மாதக்கணக்கில் தேடிய பதில் இவ்வளவுதானா என்று துள்ளாத குறை. திரும்பி உன்னைப் பார்த்தேன்.

நீ அதற்குள் லெப்டொப்பை அவர் கையிலிருந்து வாங்கித் துவாயில் சுற்றிக்கொண்டிருந்தாய். "வேணாங்க நானா. யாரையும் தொறக்க விட வேணாம்னு மகென் சொல்லியிருக்கான்."

"இங்கயே, ஒங்க கண்ணு முன்னாலயே தொறக்கிறேன்."

"வேணாங்க. இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

வெளியே வந்து உன்னோடு சண்டை போட்டேன். இதற்காகத்தானே இத்தனை நாள் என் உயிரை வாங்கினாய், வழி தெரிந்த பிறகு வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். பிள்ளை சொன்ன சொல்லை மீறக்கூடாது என்றாய். நீ யார் சொன்ன சொல்லையும் கேட்டு நான் கண்டதில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு கெரம் காய்களை அடுக்கிவைத்துவிட்டு மறுபடியும் நீ என்னைப் பார்த்துக் கேட்டாயே, "இத இன்னுங் கொஞ்சம் வெரசா ஓட வைக்க ஏலாதா?" அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தாய். பிறகு மூச்சு வாங்கியது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது என்னைப் பார்த்து, "கடைய சாத்திட்டா வந்த?" என்று கேட்டாய். நான் ஆமாம் என்றேன். அதுதான் நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது. மோகனால் வர முடியவில்லை. உன்னைத் தூக்கும்போது அடித்த தப்பு மேளச் சத்தத்தை யாரோ ஒருவரின் போனில் அவன் அங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு உன்மேல்தான் கோபமாக இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று வேறு தெரியவில்லை.

அதுதான், இன்றைக்குத் திறந்துவிட்டேன். உள்ளே ஒரு சின்ன விசிறி இருக்கிறது, குழந்தைகளின் உள்ளங்கை அளவு. அதன் இதழ்களுக்கிடையே சாம்பல் கெட்டித்துப் போய், நூலும் மயிரும் சேர்ந்து, அடைபோல ஒட்டியிருந்தது. வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. அந்த விசிறி இருப்பது இடப்பக்கம், நீ பூசிய மூலைக்கு நேர் கீழே. பொத்தான்களுக்கிடையே வழிந்ததெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நீ அவனுக்குப் பூசிப் பூசி, அவனைப் பார்க்கும் வழியை நீயே அடைத்திருக்கிறாய்.  பிறகு பெயின்ட் பிரஷ் ஒன்றால் மெல்லச் சுரண்டி எடுத்தேன். கொட்ட மனம் வரவில்லை. ஒரு தாளில் மடித்து மேசை லாச்சியில் வைத்தேன்.

மூடித் தொடக்கினேன். வட்டம் ஒரு சுற்றுச் சுற்றி மறைந்தது. உச்சி வெயில், தகரக் கூரை, ஆனாலும் ஓடியது. பழக்கதோஷமாய்க் கெரம் காய்களையும் அடியில் வைத்திருந்தேன். மோகனை அழைத்தேன். அவன் முகம் அவ்வளவு தெளிவாய் நான் பார்த்ததில்லை. உன் மூக்கு. மெலிந்திருந்தான்.

"தெளிவா இருக்கு சித்தி இன்னிக்கு."

"ஆமாப்பா. தொறந்து துடைச்சேன். நீ தொறக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தியாமே. கோவிச்சுக்காத."

அவன் புரியாமல் பார்த்தான். "நா எப்ப சித்தி சொன்னேன்? நா அப்பிடி ஒண்ணும் சொல்லலியே."

 நானா கடை வாசலில் நீ லெப்டொப்பைச் சுற்றிக்கொண்டு நின்றது கண்ணுக்குள் வந்தது. வேறொன்றும் தோன்றாமல், நீ கேட்பதையே கேட்டேன். "தம்பி, வெரல சுண்டிக் காட்டேன்."

அவன் சிரித்தான். சிரித்தபடியே நின்றான். கண் இமைக்கவில்லை. நான் திரையைப் பார்த்தேன். வட்டம் எதுவும் சுழலவில்லை. அவனுக்குப் பின்னால் கூரையில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"மோகன்" என்றேன். "ஒனக்குப் பின்னால ஃபேன் சுத்துதுப்பா."

அவன் முகம் கலைந்தது.  பிறகு வலது கையை மேலே கொண்டுவந்தான். திரையின் இடப்பக்கத்துக் கீழ் மூலையிலிருந்து அது எழும்பி வந்தது. பெருவிரல் மட்டும் தனியாக இருந்தது. மற்ற விரல்கள் ஒன்றோடொன்று இழுபட்டு, தோல் வழவழவென்று, பாதி மடங்கியபடி நின்றன. அவற்றால் இனி நிமிரவும் முடியாது, மடங்கவும் முடியாது.

"சில நாள் லைன் மெய்யாவே நின்னுரும் சித்தி. நிக்காத நாள்ல நா நின்னுருவேன்."

"அம்மாவுக்குச் சொன்னியா?"

"இல்ல. அம்மாவும் அப்பறம் அழுத்திக் கேக்கல. சும்மா ஒருக்கா கேப்பாங்க, நின்னதும் விட்டுருவாங்க. நம்பிட்டாங்கன்னு நெனச்சேன்."

குசினியில் இப்போது இல்லையாம். ஸ்டோரில் சாமான் எண்ணும் வேலையாம். அதையும் உன்னிடம் சொல்லவில்லை என்றான். இடது கையால் கெரம் சுண்டப் பழகியிருக்கிறானாம், அறையில் இருக்கிற மலையாளிப் பொடியன்களோடு விளையாடுகிறானாம். சுண்டிக் காட்டினான், இடது கையால், வெறும் காற்றில். நன்றாகத்தான் சுண்டினான்.

நீ அறிந்திருந்தாய். விசிறி சுற்றிய அன்றைக்கே அறிந்துவிட்டாய். என் அரைப்பட விளக்கத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். அதுவரைக்கும் எனக்கு விளங்குகிறது. பிறகு ஏன் வாராவாரம் அவனிடம் சுண்டு என்று கேட்டாய்? அவன் ஒருநாள் துணிந்து காட்டட்டும் என்றா? கேட்காமல் விட்டால் நீ கண்டுகொண்டது அவனுக்குத் தெரிந்துவிடும் என்றா? ஏன் என்னிடம் வேகமாக்கு வேகமாக்கு என்று நின்றாய், வேகமாக்கும் வழி வந்தபோது ஏன் வாயில் வந்த பொய்யைச் சொன்னாய்? அது மெதுவாக இருக்கும்வரைதான் அவன் மறைத்துக்கொள்ள முடியும் என்று நினைத்தாயா? இல்லை, நீதான் பார்க்கப் பயந்தாயா? ஒவ்வொன்றாய் எடுத்து வைத்துப் பார்க்கிறேன். ஒன்று சரி என்று தோன்றும்போது மற்றது இடிக்கிறது. இரண்டு மனமும் உனக்கு ஒன்றாகவே இருந்திருக்குமோ, என்னவோ. என்னிடமாவது சொல்லியிருக்கலாம். பாறையில் நான் பேசாமல் வந்ததற்குப் பழி வாங்கினாயா?

அழைப்பை முடிக்கும் நேரம் வந்தது. மோகன் தானாகவே தலையைக் குனிந்து நெற்றியைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தான். அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் உன் உள்ளங்கை பெரிதாகிப் பெரிதாகி வந்து திரையை இருட்டாக்குமாம், அதுதான் பூசுகிறாய் என்று அவனுக்கு அடையாளமாம்.  என்னிடம் கோயில் திருநீறு இல்லை. லாச்சியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். நூலும் தூசும் கலந்த அந்தச் சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்தேன்.

"நெத்தி வேணாம்" என்றேன். "கையக் காட்டு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு கையைத் தூக்கித் திரைக்கு முன்னால் விரித்துப் பிடித்தான், எவ்வளவு விரியுமோ அவ்வளவு. அது நடுங்கிக்கொண்டிருந்தது. படம் தெளிவாக இருந்ததால் அந்த நடுக்கமும் தெரிந்தது. அசையும் பிள்ளைக்குப் பூசுவது சிரமம் என்று நீ சொன்னது சரிதான். இரண்டு மூன்று முறை தடவித்தான் பூச முடிந்தது. தூள் இடப்பக்கத்துப் பொத்தான்கள் மேல் உதிர்ந்தது. நான் ஊதவில்லை.

விசிறி மறுபடி அடைக்கும். அடைத்தால் திறந்து துடைத்துக்கொள்வேன், எனக்குத்தான் இப்போது திறக்கத் தெரியுமே. அடுத்த ஞாயிறும் பூசச் சொல்லியிருக்கிறான்.